அமுக்குணியின் நாற்காலி

போனை எடுத்து அவள் ‘ஹலோ’ என்றால் போதும், எதிர்முனை குழைந்துவிடும். “பாப்பா, அம்மா இருக்காங்களாடா? கூப்பிடு செல்லம்.” பாப்பாவுக்கு வயது நாற்பத்தாறு. மூட்டுவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். ஆரம்பத்தில் விளக்கம் சொல்லிப் பார்த்தாள். பிறகு “அம்மா குளிக்கிறாங்க” என்று சொல்லி வைத்துவிடப் பழகிக்கொண்டாள்.

கீச்சு என்ற பெயர் பள்ளிக்கூடத்தில் ஒட்டியது. அவள் எழுந்து பாடம் வாசித்தால் வகுப்பே கொல்லென்று சிரிக்கும். “வயசானா சரியாயிடும்டி” என்றாள் அம்மா. வயது ஆனது, இடுப்பு பெருத்தது, காதோரம் நரைத்தது. குரல் மட்டும் ஒன்பது வயதிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றது. கடைசியில் அதுதான் சோறு போட்டது. கார்ட்டூன் படங்களில் முயல், வாத்து, வழி தவறிய இளவரசி, அழுமூஞ்சித் தம்பி எல்லோருக்கும் குரல் கொடுத்தது கீச்சுதான்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் அவரை லிஃப்ட்காரர் என்றால்தான் தெரியும். “நான் கட்டிக்கிட்டது ஒருத்தியை. வீட்டுல ஒரு பள்ளிக்கூடமே ஓடுது” என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். குழந்தை இல்லாத வீடு அது. சிரித்து முடித்ததும் இருவரும் கொஞ்ச நேரம் வேறெங்காவது பார்ப்பார்கள்.

கார்ட்டூன் வேலை வற்றிப்போன சமயத்தில் பயிற்சி மையத்தில் சேர்ந்தாள். குழந்தைகளோடும் குடும்பங்களோடும் உட்கார்ந்து மனக்காயம் ஆற்றுவதற்கு உளவியலாளர்களைப் பழக்கும் இடம் அது. எல்லோரும் பட்டம் வாங்கியவர்கள்தான். ஆனால் நிஜக் குழந்தையின் முன்னால் உட்காருவதற்குள் தப்புச் செய்து பழக ஒரு பொய்க் குழந்தை வேண்டுமல்லவா? அது கீச்சு. பொய் அப்பா, பொய் அம்மாவாகப் பயிற்சிக்கு வந்தவர்களே மாற்றி மாற்றி உட்காருவார்கள்.

அறையில் முழங்கால் உயர நாற்காலிகள், ஒரு மணல் தட்டு, மரத்தில் செய்த பொம்மை வீடு. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி, மறுபக்கத்து இருட்டறையில் இருப்பவர்களுக்கு ஜன்னல். அறையில் பேசுவது அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் கேட்கும். அங்கே உட்கார்ந்து கவனித்துத் திருத்துகிறவரை எல்லோரும் கண்ணாடி மேடம் என்பார்கள்.

கீச்சுவுக்குச் சொல்லப்பட்ட வேஷம் சின்னது: ஒன்பது வயதுப் பெண், கொஞ்ச நாளாக யாரோடும் பேசுவதில்லை.

“குரலுக்காகக் கூப்பிட்டுட்டு வாயைத் தெறக்காதேங்கறீங்க. நல்ல கூத்துதான்.”

“உள்ள ஒரு குரல் இருக்குன்னு எதிர்ல உக்காந்திருக்கறவனுக்குத் தெரியணும்” என்றார் மேடம். “நீங்க ஒரு இருமல் இருமினா தெரிஞ்சிடும்.”

மஞ்சள் ஹேர்பேண்டை மாட்டியதும் வேஷம் ஏறிவிடும். பயிற்சிக்காரர்கள் அந்தப் பெண்ணுக்கு அமுக்குணி என்று பெயர் வைத்தார்கள். இருமுவாள், முனகுவாள், மணலைக் கிளறுவாள், பேச மாட்டாள். பொம்மை வீட்டில் இருக்கிற அத்தனை பொம்மைகளையும் ஒவ்வொன்றாகச் சுவர் பார்க்கத் திருப்பி வைப்பாள். அதை யாரும் சொல்லித்தரவில்லை. கீச்சுவும் யோசித்துச் செய்யவில்லை. முதல் நாள் கை தானாகப் போய்த் திருப்பியது. சரி, நல்லாத்தானே இருக்கு என்று விட்டுவிட்டாள்.

பயிற்சி முடிந்ததும் வேஷத்தை இறக்கி வைக்க ஒரு முறை இருந்தது. ஹேர்பேண்டைக் கழற்றி நாற்காலியில் வைக்க வேண்டும். “நீ இங்கேயே இரு, நான் போயிட்டு வரேன்” என்று அதனிடம் சொல்ல வேண்டும். பிறகு தன் சொந்தப் பெயர், வயது, இன்று ராத்திரி வீட்டில் என்ன சமையல் என்பதையெல்லாம் உரக்கச் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்கள் களுக்கென்று சிரிப்பார்கள்.

“நல்லா சிரிங்க” என்பார் மேடம். “ஆனா சொல்லாம யாரும் வாசலைத் தாண்டக் கூடாது.”

அந்த வருடத்துப் பயிற்சிக்காரர்களில் நெட்டை என்று ஒரு இளைஞன் இருந்தான். குட்டி நாற்காலியில் உட்கார்ந்தால் முட்டி இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்துவிடும். நல்ல பையன், ஆனால் கேள்வி மெஷின். ஏன் பேசலை? ஏன் பொம்மையைத் திருப்பினே? யார் மேல கோபம்?

“தம்பி, நீங்க போலீஸ்ல சேந்திருக்கலாம்” என்றார் மேடம் ஒருநாள். “‘ஏன்’னு கேட்டா குழந்தை பதிலைத் தேடாது, தப்பிக்க வழியைத் தேடும். அவ என்ன செய்யறாளோ அதுல போய்ச் சேந்துக்குங்க.”

அடுத்த முறை நெட்டை நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தான். கேள்வி ஒன்றும் இல்லை. அமுக்குணி ஒரு பொம்மையைச் சுவர் பக்கம் திருப்பினாள். அவனும் ஒன்றை எடுத்து அதன் பக்கத்திலேயே சுவர் பார்க்க வைத்தான். பிறகு சும்மா இருந்தான். கீச்சுவின் தொண்டைக்குள் ஏதோ ஒன்று ஏறி வந்தது. வாந்தி வருவதுபோல இருந்தது, ஆனால் வந்தது ஒரு சொல். அவள் யோசித்து வைத்த சொல் அல்ல. வாய் திறந்துகொண்டது.

அந்த நேரம் பார்த்துத் தீ அபாய மணி அலறியது.

எல்லோரும் படியிறங்கி முற்றத்துக்கு ஓடினார்கள். யாரோ ரொட்டியைக் கருகவிட்டதில் கிளம்பிய புகை அது. சிரிப்பும் கும்மாளமுமாக அன்றைய பயிற்சி அங்கேயே கலைந்தது. மேடத்தை அலுவலகத்தில் கூப்பிட்டுவிட்டார்கள். பஸ் ஜன்னலில் தன் முகத்தைப் பார்த்தபோதுதான் கீச்சு கவனித்தாள், மஞ்சள் ஹேர்பேண்ட் தலையிலேயே இருந்தது.

மறுநாள் காலையில் குரல் இல்லை. காற்று மட்டும் வந்தது. தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, “எல்லாம் சுத்தமா இருக்கே” என்றார்.

வரக்கூடாத நேரத்தில் வந்த கஷ்டம். ரொம்ப காலத்துக்குப் பிறகு அவளுக்கு ஒரு பெரிய வேலை கிடைத்திருந்தது. நீளமான கார்ட்டூன் தொடர், அதில் முக்கியமான அணில். திங்கட்கிழமை ஒலிப்பதிவு. ஸ்டுடியோ மேனேஜர் போன் செய்தார். “அக்கா? அக்கா, பேசுங்க. காத்துதான் வருது... திங்கக்கிழமையும் இப்படியே இருந்தா நான் வேற ஆளத்தான் பாக்கணும். கோவிச்சுக்காதீங்க.”

அன்று மத்தியானம் மொட்டை மாடியிலிருந்து காய்ந்த துணியோடு இறங்கி வந்தாள். லிஃப்ட்காரர் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“குரல் வந்துடுச்சா? பின்ரூம்ல என்னமோ முனகிட்டிருந்தியே.”

அவள் கையிலிருந்த துணியைக் காட்டினாள். அவர் துணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பின்ரூம் கதவைப் பார்த்தார்.

“லிஃப்ட் ஓடற ஷாஃப்டுக்குள்ள இப்படிச் சத்தம் வந்தா கயிறு மாத்தணும்பாங்க” என்றார். அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது. கதவுக்குப் பின்னால் யாரோ சின்னதாக இருமினார்கள். அது கீச்சுவின் இருமல். கீச்சு அவருக்கு முன்னால் வாய் மூடி நின்றுகொண்டிருந்தாள்.

உள்ளே போய்ப் பார்த்தார்கள். யாரும் இல்லை. அலமாரி மேல் இருந்த கல்யாணப் படமும் பக்கத்துப் படங்களும் சுவர் பார்க்கத் திரும்பியிருந்தன.

அவளுக்குப் பயமாக இருந்தது. அவருக்கும்தான் என்று நினைத்தாள். இரண்டு நாள் போயிருக்கும். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது அவர் பின்ரூம் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார். “...லிஃப்ட் மேல போகும்போது அந்தப் பக்கம் ஒரு பெரிய இரும்பு கீழ வரும். அவன் குண்டன். குண்டன் எறங்கினாத்தான் நாம ஏறலாம்.” உள்ளேயிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு வந்தது.

கீச்சு வெறித்துப் பார்த்தாள். அவர் கொஞ்சம் நெளிந்தார்.

“என்னடி அப்படிப் பாக்கற? அதுவும் தனியாத்தானே இருக்கு.” பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “இருந்துட்டுத்தான் போகட்டுமே.”

அன்றுதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. மேடத்துக்குப் போனில் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். உடனே பதில் வந்தது: ‘இறக்கி வைக்காம அனுப்பினது என் தப்பு. ஹேர்பேண்டோட நாளைக்கே வாங்க.’

மறுநாள் நெட்டையும் இன்னும் மூன்று பயிற்சிக்காரர்களும் வந்திருந்தார்கள். “மேடம், இதையெல்லாம் நாம நம்பறோமா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“நம்பறதும் நம்பாததும் வீட்டுக்குப் போய் வெச்சுக்கலாம். செஷன் பாதியில நிக்குது, முடிக்கணும், அவ்வளவுதான்” என்றார் மேடம். கீச்சுவின் பக்கம் திரும்பினார். “இன்னிக்கு நீங்க அமுக்குணி இல்ல. அவளோட அம்மா. பக்கத்து நாற்காலியில உக்காருங்க. தம்பி, நீங்க நிறுத்தின இடத்துலேருந்து.”

ஹேர்பேண்டைக் காலி நாற்காலியில் வைத்தார்கள். மேடமும் மற்ற மூவரும் கண்ணாடிக்குப் பின்னால் போனார்கள். நெட்டை தரையில் உட்கார்ந்தான். ஒரு பொம்மையைச் சுவர் பார்க்கத் திருப்பினான். காத்திருந்தான். கேள்வி கேட்கவில்லை. அறையில் ஏசியின் சத்தம் தவிர எதுவும் இல்லை. கீச்சு காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. செஷன் நடுவில் ஒருபோதும் உள்ளே வராத மேடம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

“உங்க ரெண்டு பேர்ல யாரு பேசினது?”

“யாருமே பேசலையே, மேடம்” என்றான் நெட்டை.

“ஸ்பீக்கர்ல கேட்டுது. நாங்க நாலு பேரும் கேட்டோம்.” “‘அது என்னோட குரல். அவங்க வெச்சுக்கிட்டாங்க. குடுக்கச் சொல்லுங்க.’ இதான். ரெண்டு தரம்.”

கீச்சுவுக்கு அணில் ஞாபகம் வந்தது, திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. கூடவே அந்தப் பழைய வகுப்பறை. எழுந்து நின்று வாசிக்கிற ஒன்பது வயதுக்காரி, சிரிக்கிற வகுப்பு. அதற்கு மேல் வளரவே மாட்டேன் என்ற குரல். இத்தனை வருடம் தன்னுடையது என்று நினைத்து அதை விற்றுச் சாப்பிட்டிருக்கிறாள். திருப்பிக் கொடுத்தால் தனக்கு என்ன மிஞ்சும் என்று அவளுக்குத் தெரியவில்லை. மூச்சுக்காற்று மட்டும்தான் மிஞ்சுமோ என்னவோ.

நெட்டை அவள் பக்கம் திரும்பினான். அவன் குரல் தடுமாறியது, ஆனால் கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டான். “அம்மா, உங்க பொண்ணு கேக்கறது உங்க காதுல விழுந்துச்சு. அவகிட்ட என்ன சொல்லணும்னு தோணுது?”

கீச்சு கையை நீட்டி மஞ்சள் ஹேர்பேண்டைத் தடவினாள். அது சூடாக இருந்தது, இப்போதுதான் ஒரு தலையிலிருந்து கழற்றியதுபோல.

“வெச்சுக்கோ” என்றாள். “நீ இங்கேயே இரு. நான் போயிட்டு வரேன்.”

நெட்டை திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தான். அவள் வாயிலிருந்து வந்தது தடித்த, கொஞ்சம் கரகரத்த குரல். நாற்பத்தாறு வயதுக் குரல். அவளுக்கே அது தன் அம்மா பேசுவதுபோல இருந்தது. அந்தக் குரலிலேயே தன் பெயரைச் சொன்னாள், வயதைச் சொன்னாள். ராத்திரி கத்தரிக்காய்க் குழம்பு என்றாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மையத்தின் வாசலில் நின்றே ஸ்டுடியோவுக்குப் போன் செய்தாள். மேனேஜர் மரியாதையாகக் கேட்டார். “அக்காவுக்கு நீங்க என்ன உறவுங்க?” அணில் அத்தோடு போனது. மேடம் மட்டும், “வர்ற வாரத்துலேருந்து நீங்க அம்மாவா உக்காருங்க” என்றார்.

வீட்டுக் கதவைத் திறந்த லிஃப்ட்காரர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில் தேடினார்.

“காலையிலேருந்து சத்தமே இல்லடி. உன்கூடத்தான் வந்துச்சுன்னு நெனச்சேன்.”

“அது அங்கேயே இருந்துடுச்சுங்க.”

புதுக் குரலைக் கேட்டு அவர் ஓரடி பின்வாங்கினார். அவள் பின்ரூமுக்குப் போய்ப் படங்களை ஒவ்வொன்றாக முன்பக்கம் திருப்பி வைத்தாள். அவர் மெதுவாகப் பின்னால் வந்து நின்றார்.

“இன்னொரு தரம் பேசு.”

“என்ன பேச? பசிக்குதா?”

புதிதாகப் பூட்டிய மோட்டாரின் சத்தத்தைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

“அங்க யாராவது அதோட பேசுவாங்களா?”

“வாரா வாரம் புதுசு புதுசா ஆள் வருவாங்க” என்றாள் அவள். “பக்கத்துலயே உக்காருவாங்க. ஏன்னு கேக்க மாட்டாங்க.”