கடல் இல்லாத ஊரில் கடற்கரை வீடு

உத்தமபாளையத்தில் கடல் கிடையாது. ஆனாலும் எங்கள் அத்தா, அதாவது அப்பா, அங்கே ஒரு கடற்கரை வீடு கட்டினார். ஏலக்காய் வியாபாரமாகக் கொழும்புக்குப் போய் வந்த காலத்தில், கடலைப் பார்த்து நின்ற ஒரு வெள்ளை வீட்டில் மனதைப் பறிகொடுத்துவிட்டாராம். அணைக்கட்டு வேலைக்கு வந்திருந்த ஒரு இன்ஜினியரைப் பிடித்து, ஐம்பதுகளின் கடைசியில் அதே மாதிரி ஒன்றை வயலைப் பார்த்தபடி எழுப்பிவிட்டார். மாடி இல்லை. தூண் இல்லை. மெல்லிய காங்கிரீட் கூரை, சுவரைத் தாண்டி ஆறடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வயல் பக்கம் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. அதன் இரண்டு ஓரத்திலும் காற்று வர அடுக்கடுக்காகத் தேக்குச் சட்டங்கள். ஒரு கைப்பிடியைத் திருப்பினால் எல்லாம் சேர்ந்து திறக்கும், சேர்ந்து மூடும். ஆடிக் காற்றுக்கு அதை எவ்வளவு திறக்கலாம் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அத்துப்படி. ஊரார் அதற்கு 'பஸ் ஸ்டாண்டு வீடு' என்று பெயர் வைத்தார்கள். அத்தா சிரித்துக்கொள்வார். அண்ணனுக்கு மட்டும் சின்ன வயதிலிருந்தே அந்தப் பெயர் சுருக்கென்று தைக்கும்.

அந்த வீட்டுக்காகத்தான் நான் இன்றைக்கும் அண்ணனோடு பேசுவதில்லை. இதை ஒளிக்க எனக்கு ஒரு அவசியமும் இல்லை.

அத்தா மவுத்தானது தொண்ணூறுகளின் கடைசியில். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். பிள்ளைகள் நாங்கள் இரண்டே பேர். இஸ்லாமிய மார்க்கப்படி வீட்டில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு. எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்குப் பங்கு உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்கிறவள்தான் கெட்டவள். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே அண்ணன் ஒரு தாளை நீட்டினார். என் பங்கை அவருக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது.

"வீட்டை இடிக்கக் கூடாதுண்ணே. இதுல அதையும் ஒரு வரி எழுதிருங்க" என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. "கூடப் பொறந்தவன்கிட்டயே எழுதி வாங்குவியா? நான் உசுரோட இருக்குற வரைக்கும் அதுல ஒரு செங்கலை உருவ மாட்டேன், போதுமா?"

"அண்ணன் தங்கச்சிக்குள்ள என்னம்மா கண்டிசன்" என்றார் பெரியவர்களில் ஒருவர். எனக்கு வெட்கமாகிவிட்டது. கையெழுத்துப் போட்டேன். பள்ளிக்கூட டீச்சர் நான். பேப்பரில் எழுதாத பதிலுக்கு அரை மார்க்குகூடப் போடாதவள்.

கம்பத்தில் வாக்கப்பட்டிருந்தாலும் வருஷா வருஷம் கோடை விடுமுறையில் போய்விடுவேன். கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு கூரை வெடிப்பை அடைப்பேன். தேக்குச் சட்டத்துக்கு எண்ணெய் பூசுவேன். ஒருமுறை மதுரையிலிருந்து கட்டடக்கலைப் பேராசிரியர் ஒருவர் வந்து இரண்டு நாள் தங்கி வீட்டை அளந்தார். "உள்நாட்டில் இப்படி ஒரு வீடு நான் பார்த்ததில்லை. எதையும் மாற்றிவிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். "இந்த ஆளு இதுல என்னத்தைக் கண்டாரு" என்றார் அண்ணன்.

பிறகு அண்ணன் மகளுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. அண்ணன் போன் செய்தார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரக வந்தாக. சுத்திச் சுத்திப் பாத்தாக. மாடி இல்லையான்னு கேட்டாக. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு."

"அதுக்கு?"

"இந்தக் கூரை மாடியைத் தாங்காதுன்னு கொத்தனாரு சொல்றாரு. இடிச்சுட்டுக் கட்டப் போறேன்."

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். கண்ணாடிகளை அதற்குள் கழற்றியிருந்தார்கள். கூரைமேல் நாலு பேர் சம்மட்டியோடு நின்றார்கள். "பெரியாளுக முன்னாடி வாக்குக் குடுத்தீகளே" என்று கத்தினேன்.

"நீதான் எழுதிக் குடுத்துட்டியே. இனி ஒனக்கு இங்கன என்ன பேச்சு?" என்றார்.

வேலையாட்கள் என்னைப் பார்த்தார்கள். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். ஒரு மாடியைத் தாங்காத கூரை என்றார்களே, அதை உடைக்க அவர்களுக்கு நாலு நாள் ஆனதாம்.

மூன்று மாதம் கழித்து அண்ணன் கம்பத்துக்கு என் வீட்டுக்கு வந்தார். கல்யாணம் மண்டபத்தில் நடந்து முடிந்திருந்தது. அனுமதி வாங்காமலே தொடங்கிய புது வீடு பாதியில் நின்றது. டீயை முன்னால் வைத்தேன்.

"பிளான் அனுமதிக்குப் போனா, நீ எழுதுன தாளு செல்லாதுங்குறாக. ரெஜிஸ்டர் பண்ணலையாம்ல. ஒன் பங்கு இன்னமும் ஒனக்குத்தான் இருக்காம். நாளைக்கு ஒரு எட்டு வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிரு."

கடைத்தெருவுக்குக் கூப்பிடுகிற மாதிரி சொன்னார். சம்மட்டி ஓங்கிய அன்றைக்கும் அந்த வீட்டில் மூன்றில் ஒரு பங்கு என்னுடையது. 'இறங்குங்கடா கீழே' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு உரிமை இருந்தது. அது எனக்குத் தெரியவில்லை. எழுதித் தரச் சொல்லிக் கேட்டதற்கு என்னை வெட்கப்பட வைத்த பெரியவர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. அண்ணன்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் எனக்கு வந்த கோபம் பெரிது. அது இன்னும் ஆறவில்லை.

"நாளைக்கு வர்றியா?" என்றார் மறுபடி.

"என் பங்கைக் கொண்டாங்கண்ணே. அந்தக் கண்ணாடி, அந்தச் சட்டம், அந்தக் கூரை. இருந்த மாதிரியே கொண்டாந்து நிறுத்திட்டுக் கேளுங்க, போடுறேன்."

டீயைத் தொடாமல் எழுந்து போனார். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன்.