செருப்பில் ஏறிய வீட்டுக்காவலன்

போன வருஷம் ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை வேளையில், கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் ஷேர் வேனுக்குள் நடந்தது இது. செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் எனக்கு ரிசப்ஷன் வேலை. தினமும் அந்த வேனில்தான் போவேன்.

அப்போது ஒரு மாயாஜால நாவல் எழுதி முடித்திருந்தேன். அதுவும் ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளை வைத்து. கீழ்பென்னாத்தூர்க்காரிக்கு எதற்கு ரஷ்யப் பனிக்காடு என்று கேட்காத ஆள் இல்லை. விடுதிக்கு வருஷா வருஷம் வரும் ரஷ்யப் பெண் ஒருத்தி, என் வயதுதான், சொன்ன கதைகள் என்னைப் பிடித்துக்கொண்டன. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் கொல்லைக்கு நடுவில் பிறந்தவள் பனியைப் பற்றி எழுதக் கூடாது என்று சட்டமா இருக்கிறது?

அவர்கள் நம்பிக்கையில் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்புக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிக் கிழவன் குடியிருப்பான். வீட்டுக்குக் காவல் அவன்தான். வீடு மாறும்போது ஒரு பழைய செருப்பை வைத்து, இதில் ஏறிக்கொண்டு எங்களோடு வா என்று கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் போனால் காலி வீட்டில் அழுதுகொண்டு கிடப்பானாம். என் நாவலுக்கு உயிரே அந்த இடம்தான். ஊருக்குள் வெள்ளம் வருகிறது. நாயகி, செத்துப்போன அப்பாவின் செருப்பில் அவனை ஏற்றி, அதை மார்போடு அணைத்தபடி காட்டைக் கடக்கிறாள்.

சென்னைப் பதிப்பாளர் ஒருவர் படித்துவிட்டுப் போன் செய்தார். நன்றாக இருக்கிறது, புத்தகக் கண்காட்சிக்கே கொண்டுவந்துவிடலாம், செருப்பை மட்டும் பித்தளைச் சொம்பாக மாற்றிவிடுங்கள் என்றார். "காவல் தெய்வத்தைச் செருப்புல ஏத்தினா நம்ம ஜனங்க ஒத்துக்க மாட்டாங்கம்மா." வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு அது முதல் புத்தகம். செருப்பை வாசலோடு விட்டுப் பழகியவள்தான் நானும். அதனால் சொம்பாக மாற்றி எழுதியும் பார்த்தேன். படித்தால் கிரகப்பிரவேசப் பத்திரிகை மாதிரி இருந்தது.

வேனில் வழக்கமாக வரும் பெண்களுக்கு நாவலைத் தொடர்கதை மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டு வருவேன். அன்றைக்கு அந்த அத்தியாயத்தின் முறை. இவர்களே தீர்ப்புச் சொல்லட்டும் என்று செருப்பை மாற்றாமல் சொன்னேன். பதிப்பாளர் கேட்டதையும் சொன்னேன்.

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "இன்னாம்மா இது, சாமியப் போயி செருப்புல ஏத்துறியே. கேக்கவே ஒரு மாதிரியா கீது." இரண்டு பேர் அதற்கு ஆமாம் போட்டார்கள். சொம்புதான் என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கடைசி சீட்டில் ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கும் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். எப்போதும் காதில் ஹெட்போன்தான். என் கதையைக் கேட்கிறாள் என்றே எனக்குத் தெரியாது. அன்றைக்கு அதைக் கழற்றினாள்.

"அது சாமி இல்லீங்கக்கா. வீட்டு ஆளு," என்றாள்.

கணவர் லாரி விபத்தில் இறந்ததிலிருந்து பெண் குழந்தையோடு தனியாக இருக்கிறாளாம். "அவரு செருப்பு வாசல்லயேதான் இருக்குது. உள்ள ஆம்பளை இருக்காருன்னு நாலு பேருக்குத் தெரியணும் இல்லீங்களா? தினமும் கொஞ்சம் தள்ளித் தள்ளி வெப்பேன். மழை பேஞ்சா சேத்துல ஒரு தரம் தோச்சு வெப்பேன். அப்பதான் இப்ப போட்டுட்டு வந்த மாதிரி இருக்கும்."

மேலும் சொன்னாள்: "போன மாசம் வீடு மாறினோம். பால் காய்ச்சறதுக்கு முன்னாடியே அதைத்தான் கொண்டுபோய் வெச்சேன். வாங்க, போலாம்னு சொல்லிட்டுதான் எடுத்தேன். பைத்தியம்னு நெனைப்பாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல."

ஜவுளிக்கடை அக்கா எழுந்துபோய் அவள் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "இத்த மாத்தின, நடக்கறதே வேற," என்று என்னை அதட்டினார், சற்று முன் முகத்தைச் சுளித்தது யாரோ என்பது போல.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பதிப்பாளருக்குப் போன் போட்டேன். செருப்புதான், சொம்பு கிடையாது என்றேன். யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்துவிட்டுத்தான் கூப்பிடுகிறேன் என்றேன். அப்படியானால் சரிப்படாது என்று வைத்துவிட்டார். அழுகை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். கையில் வந்ததை நானே தட்டிவிட்டேனே என்று இருந்தது.

அன்றைக்கே நாவலை இன்னொரு பதிப்பாளருக்கு அனுப்பினேன். அவரும் செருப்பை மாற்றச் சொல்வதில்தான் வந்து நின்றார். அடுத்தவர் இன்னும் பதிலே போடவில்லை. புத்தகம் வரும், செருப்போடுதான் வரும். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள் வைத்திருந்ததை ஒருத்தி என் கதையை நம்பி அத்தனை பேருக்கு நடுவில் சொன்னாளே, அவளை விட்டுக்கொடுத்துத்தான் என் பெயர் அட்டையில் வர வேண்டும் என்றால் எனக்கு அந்த அட்டையே வேண்டாம் என்று, ஒவ்வொரு முறை நாவல் திரும்பி வரும்போதும் உறுதியாகத் தோன்றுகிறது.