பாறையில் போட்ட தோணிக் கட்டு

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருகிறேன். கோயில் படியிலேயே மறித்துவிட்டார் பக்கத்து வீட்டு பெனடிக்ற்.

"மாஸ்டர், மலைச் சோதனை என்ன மாதிரி? பாஸா?"

நான் தலையை ஆட்டினேன். ஓம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம் — அப்படி ஓர் ஆட்டு. அவர் ஓம் என்று எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். பக்கத்தில் நின்ற என் மனைவி ஸ்டெலாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

எனக்கோ... பாஸா பெயிலா என்று இன்றுவரை தெரியாது. மறைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். உண்மையாகவே தெரியாது.

பத்திரிகையில் என் இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களுக்கு என் கிறுக்கு புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் தேகப்பயிற்சி மாஸ்டராக இருக்கிறவன், இரண்டு வருடத்துக்கு முன் மலைநாட்டுக்குப் போய்ப் பாறை ஏறப் பழகி, உதவிப் பயிற்சியாளர் சேர்ட்டிபிக்கட்டோடு திரும்பி வந்தேன். வாவியும் வயலுமாகத் தட்டையாகக் கிடக்கிற மட்டக்களப்பில் இது எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. நானும் என்னைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த முதல் சோதனை நேர்மையான சோதனை. "ஏறு" என்றார்கள், ஏறினேன். "இறங்கு" என்றார்கள், இறங்கினேன். முழங்கால் தோல் கொஞ்சம் போனது, சேர்ட்டிபிக்கட் வந்தது.

ஆனால் உதவிப் பயிற்சியாளர் தனியாக யாரையும் கயிற்றில் கட்டி ஏற்றக் கூடாது. மேலே ஒரு முழுப் பயிற்சியாளர் நிற்க வேண்டும். எங்கள் பகுதியில் அப்படி ஒருவரும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரண்டு வருடமாக "எப்ப சேர், எப்ப சேர்" என்று அரிக்கிறார்கள். சரி, நானே முழுப் பயிற்சியாளர் ஆகிவிடுவோம் என்று மலையேறும் சங்கத்துக்கு மனுப் போட்டேன்.

பதில் வந்தது. உங்கள் ஊர்ப் பாறை ஒன்றில், இதுவரை பாறையே ஏறாத ஒருவருக்கு நீங்கள் கற்பிக்க வேண்டும், நாங்கள் வந்து பார்ப்போம். நீங்கள் எப்படி ஏறுகிறீர்கள் என்பது முக்கியமல்ல.

மலையேறும் சோதனையில் ஏறுவது முக்கியமில்லையா? நாலு தரம் வாசித்தேன். குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது.

பாறை ஏறாத ஆளுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. வரச் சம்மதிக்கிற ஆளுக்குத்தான் பஞ்சம். கடைசியில் அகப்பட்டவன் சூசை. ஸ்டெலாவின் தம்பி. வாவியில் மீன் பிடிக்கிறவன், நாலு பிள்ளைகளின் தகப்பன்.

"வாறன் அத்தான். ஆனா பயம் வந்தா கத்துவன். மறுகா என்னக் குறை சொல்லக் கூடா" என்றான்.

ஸ்டெலா எங்கள் இருவருக்கும் சோற்றுப் பொதி கட்டித் தந்தாள். "அவன்ட பெண்சாதிக்கு நான்தான் பொறுப்புச் சொல்லியிருக்கன். கவனம்" என்றாள். கவனமில்லாமல் இருப்பேனா என்று கேட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

வெல்லாவெளியில் இறங்கி, வயல்வட்டையைக் கடந்து நடந்தால் காட்டோரத்தில் அந்தப் பாறை. இரண்டு தென்னை உயரம் இருக்கும். அடியில் குடை பிடித்தபடி துரைசிங்கத்தார் உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், நில அளவை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மலையேறும் சங்கத்தைத் தொடங்கிய தேயிலைத் தோட்டத்துத் துரைமார் சீமைக்குக் கப்பலேறிவிட்டார்கள். சோதனையை இவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மடியில் ஒரு படிவம், காதில் ஒரு பென்சில். "தொடங்கும்" என்றார்.

கயிற்றைச் சூசையிடம் கொடுத்தேன். நான் சொல்லித் தருவதற்குள் அவனே இடுப்பில் கட்டிவிட்டான். பார்த்தால் — தோணிக் கட்டு!

"இது வேணாம் மச்சான். அவிழ்ந்துபோடும்."

"அவிழத்தானே அத்தான் கட்டுற?"

அவன் கேட்டதில் பிழையில்லை. வாவியில் தோணியைக் கம்பில் கட்டுகிறவன், நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தால் அவிழும்படிதான் கட்டுவான். கச்சான் காற்று திடீரென்று எழும்பினால் முடிச்சோடு மல்லுக்கட்ட நேரமிருக்காது. அங்கே அவிழாத கட்டுத்தான் ஆளைக் கொல்லும். பாறையில் கதை நேர் எதிர். இதை நான் சூசைக்கு எவ்வளவு அழகாக விளக்கினேன் தெரியுமா? நுனியை இழுத்து அவிழ்த்துக் காட்டி, சரியான கட்டை மூன்று தரம் அவனைக் கொண்டே போட வைத்தேன். துரைசிங்கத்தாரின் பென்சில் ஓடியது. எனக்கு நானே நூறு மார்க் போட்டுக்கொண்டேன்.

பிறகு நான் மேலே ஏறினேன். உச்சியில் நின்ற பாலை மரத்தில் என்னைக் கட்டிக்கொண்டு, சூசையின் கயிற்றை முதுகால் சுற்றிப் பிடித்து "வா!" என்று குரல் கொடுத்தேன். துரைசிங்கத்தார் பின்பக்கச் சரிவால் நடந்து வந்து என் அருகே உட்கார்ந்தார்.

பாதித் தூரத்தில் சூசையின் கால் வழுக்கியது.

"மாதாவே!"

கயிறு விறைத்தது. என்னை விளிம்புப் பக்கம் இழுத்தது. எனக்கும் மரத்துக்கும் இடையில் இருந்த கயிறும் விறைத்து என்னை நிறுத்தியது. சூசை தொங்கினான், கத்தினான், காலால் துழாவி ஒரு வெடிப்பைப் பிடித்தான். பிறகு மெல்ல மெல்ல மேலே வந்து சேர்ந்தான்.

வந்தவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் பார்த்தான். அப்படி ஒரு சந்தோசம் அவன் முகத்தில்.

"அத்தான்! நீங்களும் நம்மட கட்டுத்தானே போட்டிருக்கீங்க!"

திரும்பினேன். பாலை மரத்தில், நுனி ஒரு சாண் நீளத்துக்குத் தொங்க, அச்சு அசலான தோணிக் கட்டு. போட்டது என் கை. இரண்டு வருடத்துக்கு முன் படித்தது எனக்குத்தான் தெரியும், கைக்குத் தெரியாது. அது வாவிக்கரையில் வளர்ந்த கை.

துரைசிங்கத்தார் எழுந்தார். இரண்டு விரலால் நுனியைப் பிடித்து இழுத்தார். கயிறு பொத்தென்று பாறையில் விழுந்தது.

அந்த நுனியில் என் கால் பட்டிருந்தால்? ஒரு கொப்பில் சிக்கி இழுபட்டிருந்தால்? உட்கார்ந்துவிட்டேன். நாலு பிள்ளைகளின் முகமும் வரிசையாக வந்து போனது.

"அவரின்ரை பிழையைக் கண்டுபிடிச்சு வடிவாத் திருத்தினீர்" என்றார் துரைசிங்கத்தார். "அதே பிழையை நீரே விட்டீர். கட்டு அவிழவுமில்லை, ஆளும் விழவில்லை. இதுக்கு நான் என்ன காணும் எழுதுறது?"

"பெயில் எண்டு எழுதுங்க சேர்."

"அப்படிச் சொல்லத் தெரிஞ்ச ஆளை எப்பிடிப் பெயில் விடுறது?" என்றார் அவர். பிறகு படிவத்தில் முடிவு எழுதும் இடத்தை வெறுமையாக விட்டு, கையெழுத்தை மட்டும் வைத்து என்னிடம் நீட்டினார். "கொண்டு போம். இனி ஒருதரைக் கயித்திலை கட்ட உமக்குத் தகுதியிருக்கோ இல்லையோ, அதை நீரே எழுதி அனுப்பும். மேல்படிச் சோதனை எண்டால் அதுதான்."

இப்படியும் ஒரு சோதனை உண்டா? பாஸ் என்று எழுதினால் நான் வெட்கமில்லாதவன், ஆகவே பெயில். பெயில் என்று எழுதினால் நேர்மையானவன், ஆகவே பாஸ். நேர்மைக்காகப் பெயில் எழுதுகிறேனா, பாஸ் ஆவதற்காக நேர்மையாக இருக்கிறேனா? மூன்று கிழமையாகப் பேனா மூடியைத் திறக்கிறேன், மூடுகிறேன். கீழ்வகுப்பில் விடை வாத்தியாருக்காவது தெரிந்திருக்கும். மேலே போகப் போக ஒருவருக்கும் தெரியாது போலிருக்கிறது.

தொங்கியவன் நீ, நீயே எழுது என்று சூசையிடம் நீட்டினேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நான் எப்பவோ மறந்துட்டன் அத்தான். அக்காட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க."

சொல்லவில்லை. கோயில் படியில் அவள் முகத்தில் அந்தப் பூரிப்பைக் கண்டபோதும் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு அவள் சோறு போடும்போது ஒன்று உறைத்தது. என்னை நம்பி ஆளை ஒப்படைத்தது சூசையும் இல்லை, துரைசிங்கத்தாரும் இல்லை, அவன் பெண்சாதிக்குப் பொறுப்புச் சொன்ன இவள்தான்.

என் பத்தியை ஸ்டெலா ஒரு கிழமையும் வாசிக்காமல் விட்டதில்லை.

ஸ்டெலா... படிவமும் பேனாவும் மேசை லாச்சிக்குள் இருக்கின்றன. நீயே எழுது.