எனக்கே போடாத ஓட்டு

சுடுகாட்டுக்குப் பாதை வேண்டுமென்றுதான் எங்கள் தெருப் பெண்கள் என்னை ஊராட்சித் தலைவர் தேர்தலில் நிறுத்தினார்கள். மழைக்காலத்தில் பிணத்தை வயல் சேற்றில்தான் தூக்கிப் போகவேண்டும்.

ஓட்டுச்சீட்டில் என் சின்னம் பூட்டு. அதில் நானே முத்திரை குத்தக் கூச்சமாக இருந்தது, பந்தியில் என் இலைக்கு நானே பாயசம் ஊற்றிக்கொள்வது போல. எதிர்த்து நின்றவளுக்கே குத்திவிட்டு வந்தேன்.

ஒரே ஓட்டில் தோற்றேன்.

கால் ஒடிந்தும் ஆட்டோவில் வந்து ஓட்டுப் போட்ட அஞ்சலை அக்கா கொதித்தாள். "நம்ம தெருவுலதான் எவளோ மாத்திக் குத்தியிருக்கா! கையில கிடைச்சா வெளக்கமாறுதான். நீ ஏண்டி அழுவுற? உன்மேல என்ன தப்பு?"

அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த ஐப்பசி மழையில் அக்கா செத்துப்போனாள். முழங்கால் சேற்றில் தடுமாறித் தடுமாறித் தூக்கிப் போனார்கள். தெருமுனையில் நின்று பார்த்தேன்.

மறுபடியும் தேர்தலில் நிற்கிறேன். இந்த முறை எனக்கே குத்துவேன். அக்காவிடம்தான் இனிமேல் சொல்ல முடியாது.