ஷீட் ஏற்றினால் மட்டும் நேராகப் போன கார்

போன வருடம் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்த சமயம் நடந்தது இது. பாறசாலையிலிருந்து ஆரியங்கோடு போகிற பக்கம், சானல்கரையை ஒட்டி எங்கள் வீடு. சானல் என்றால் நெய்யாற்றுத் தண்ணீர் வருகிற கால்வாய். கொஞ்சம் ரப்பர் உண்டு. பாலை உறைய வைத்து, ஷீட் அடித்து, உலர்த்தி, மகன்தான் காரில் ஏற்றிக்கொண்டு போய் நெய்யாற்றின்கரையில் விற்பான். திரும்பும்போது மாட்டுத்தீவனமோ உரமோ ஏற்றி வருவான். மற்ற போக்குவரத்துக்கெல்லாம் அவனுக்கு பைக். ரப்பர் ஷீட்டின் நாற்றம் பழகாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அந்த நாற்றத்தோடுதான் எங்கள் கார் கல்யாண வீட்டுக்கும் போகும், அடக்கத்துக்கும் போகும்.

எங்கள் வழி குண்டும் குழியும். காரின் அடி தட்டிக்கொண்டே இருந்தது. அதனால் மகன் ஒரு ஒர்க்ஷாப்பில் கொடுத்து, பின்பக்கம் தடித்த ஸ்பிரிங் போட்டு வண்டியை உயர்த்தினான். அதற்குப் பிறகு ஷீட் விற்கப் போகிற வழியிலேயே அலைன்மென்ட் கடையிலும் ஏற்றி, சக்கரங்களை நேராக்கிக்கொண்டு வந்தான். ஒரு போக்கில் இரண்டு காரியம். எங்கள் ஊர்க்காரர்கள் பெட்ரோலை அப்படித்தான் செலவு செய்வோம்.

அன்றிலிருந்து மருமகள் எடுத்தால் வண்டி இடதுபக்கம் இழுத்தது.

மருமகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் வளர்ந்த பிறகு கார் ஓட்டப் படித்தவள் அவள். என் முட்டுவலி ஆஸ்பத்திரி, ஆலயம், சந்தை எல்லாம் அவள் ஓட்டினால்தான் நடக்கும். எனக்கு எழுத்து தெரியாது, நான் சொல்வதை எழுதுகிறவளும் அவள்தான். தன்னைப் பற்றி நல்ல வார்த்தை வரும் இடத்தில் பேனாவை நிறுத்திவிடுகிறாள். அதட்டி அதட்டித்தான் எழுத வைக்கிறேன்.

"வண்டி இடத்தே இழுக்குது, கேட்டியளா" என்று அவள் சொன்னதும் மகன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்திருக்கலாம். செய்யவில்லை. அடுத்த முறை ஷீட் கொண்டுபோகும்போது மறுபடியும் அலைன்மென்ட் கடையில் ஏற்றினான். கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாகத்தான் காட்டுகிறதாம்.

"நான் ஓட்டும்பம் நேராத்தானே போவுது. ஒனக்க கையாக்கும் கோணல்" என்றான்.

அவள் சண்டை போடவில்லை. ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள். முதலில் டயர்களில் காற்று சமமா என்று பார்த்தாள். பிறகு முன்டயர்கள் இரண்டையும் பக்கம் மாற்றிப் போடச் சொன்னாள். டயர் குற்றமென்றால் இழுப்பும் பக்கம் மாறுமாம். மாறவில்லை. ரோடு ஓரத்துக்குச் சரிந்து கிடப்பதால் இருக்குமோ என்று பள்ளிக்கூட மைதானத்தில் கொண்டுபோய் ஓட்டினாள். அங்கேயும் இடதுபக்கம்தான்.

"எல்லாத்தையும் ஒரே அடியா மாத்திப் பாத்தா என்ன மக்கா?" என்று கேட்டேன்.

"ஒரு நேரம் ஒண்ணுதான் மாத்தணும் மாமி. ஒண்ணிச்சு மாத்தினா எது குத்தம்னு தெரியாது."

அது சரிதான். உப்பையும் புளியையும் ஒன்றாகக் கூட்டிவிட்டால் கறி எதனால் கெட்டது என்று யாருக்குத் தெரியும்?

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கினாள். ஒதுங்கின வண்டி ஒதுங்கிக்கொண்டே போனது. இடது சக்கரம் சானல்கரைச் சரிவில் இறங்கி, வெட்டிய தென்னை ஒன்றின் குற்றியில் முட்டி நின்றது. என் ஜன்னலுக்குக் கீழே தண்ணீர். அந்தக் குற்றி இல்லாவிட்டால் இதைச் சொல்ல நானும் இல்லை, எழுத அவளும் இல்லை.

மகன் வந்து வண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு அவளிடம், "இனி நீ வண்டி எடுக்கண்டாம்" என்றான்.

அவள் சாவியை ஆணியில் மாட்டினாள். அன்று மாலை அடுப்படியில் தன் கைகளை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒருவேளை எனக்க கைதானோ மாமி?" என்று கேட்டாள். சானலில் வண்டி இறங்கியபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஒரு சனிக்கிழமை மகன் ஷீட் ஏற்றிக்கொண்டு போனான். போன வேகத்தில் திரும்பிவந்தான். திடீர் ஹர்த்தாலாம், கடையெல்லாம் அடைப்பு. ஷீட்டை இறக்கச் சோம்பல்பட்டு அப்படியே வண்டியில் விட்டான். மறுநாள் விடியும் முன்பே பைக்கில் மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டான். எனக்கோ அன்று திருவிருந்து ஞாயிறு. ஆட்டோவும் கிடைக்கவில்லை.

"நீ வரலேன்னா நான் நடந்து போறேன்" என்று கம்பை எடுத்தேன். அந்த முட்டோடு நான் கேட்டைக்கூடத் தாண்டமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். சாவியை எடுத்தாள்.

வெள்ளைச் சேலை உடுத்து, ஷீட் நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். சானல்கரை வந்தபோது கவனித்தேன். வழக்கமாக ஸ்டியரிங்கை வலதுபக்கம் பிடித்து இழுத்துக்கொண்டே அவள் தோள் இறுகியிருக்கும். அன்று இறுகவில்லை.

"மாமி, வண்டி நேரா போவுது" என்றாள், மெதுவாக.

அன்று ஆராதனையில் பிரசங்கம் அவள் காதில் ஏறியிருக்காது. முடிந்ததும் வெளியே வந்து, சேலையை இடுப்பில் சொருகி, ஷீட்டுகளை எடுத்து ஆலய முற்றத்தில் அடுக்க ஆரம்பித்தாள். ஆலய வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை ஓடிவந்தார்.

"என்ன அக்கா, காணிக்கைக்கு ஷீட்டா கொண்டு வந்திரிக்கிய?"

சனமெல்லாம் சிரித்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. வெறும் வண்டியை முற்றத்தில் ஓட்டினாள். இடதுபக்கம் இழுத்தது. வண்டியை நிறுத்தி, மடக்கி வைத்திருந்த வலதுபக்கப் பின்சீட்டை நிமிர்த்தினாள். அந்தச் சீட்டு மட்டும்தான் எங்கள் காரில் மடங்கும், இடதுபக்கத்தது உடைந்துபோய் மடங்காது. அதனால் ஷீட்டானாலும் தீவனமானாலும் பாரமெல்லாம் எப்போதும் வலதுபக்கம்தான். பாட்டுக்குழுவில் நல்ல தடித்த பெண் ஒருத்தி உண்டு, அவளைக் கூப்பிட்டாள்.

"ஒரு ஒதவி வேணும். இங்க ஒண்ணு இரிக்கணும்."

"எனக்க பாட்டுக்கா, பாரத்துக்கா?"

"பாரத்துக்கு."

அந்தப் புண்ணியவதி சிரித்துக்கொண்டே ஏறி வலதுபக்கம் உட்கார்ந்தாள். வண்டி நூல் பிடித்தது மாதிரி போனது. இடதுபக்கம் மாறி உட்காரச் சொன்னாள். மறுபடியும் இழுத்தது.

மருமகள் இறங்கி என் பக்கம் வந்தாள். கையெல்லாம் ஷீட் நாற்றம். "ரெண்டு தடவையும் பாரத்தோட வச்சு அலைன்மென்ட் பாத்திரிக்கு மாமி. வீட்டுக்காரரும் எப்பவும் பாரத்தோடதான் ஓட்டுதாவ. நான் வெறும் வண்டிய ஓட்டுதேன். பின்னால வலது பக்கம் என்னமோ குத்தம் உண்டு, பாரம் ஏறினா அது மறையுது."

கடை திறந்த பிறகு மகனையும் கூட்டிக்கொண்டு அந்த ஒர்க்ஷாப்புக்கே போனாள். நானும் போனேன், என்னை யார் தடுக்க முடியும்? மேஸ்திரி வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினார். வலதுபக்க ஸ்பிரிங் அதன் கிண்ணத்தில் சரியாக உட்காராமல், விளிம்பில் ஏறி நின்றது. அதனால் அந்த மூலை உயர்ந்து, எதிர்மூலையான முன்பக்க இடது சக்கரத்தில் பாரம் விழுந்திருக்கிறது. மனுஷன் மழுப்பவில்லை. "இது என்றெ தெற்றாணு" என்று மலையாளத்தில் தன் தவறை ஒத்துக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்து, "சேச்சி இது எங்ஙனெ கண்டுபிடிச்சு?" என்று கேட்டார்.

"ஹர்த்தால் வந்ததுனால" என்றாள்.

ஸ்பிரிங்கை உட்காரவைத்து, இந்தத் தடவை வெறும் வண்டியில் அலைன்மென்ட் பார்த்தார்கள். வெளியே வந்ததும் மகன் சாவியை அவளிடம் நீட்டிவிட்டு, பின்சீட்டில் ஏறினான்.

சானல்கரையில் ஆளும் வண்டியும் இல்லாத இடம் பார்த்து அவள் வேகத்தைக் குறைத்தாள். குறைத்து, ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்தாள்.

"எடீ, பிடி" என்று பின்னாலிருந்து அலறினான் மகன்.

வண்டி அது பாட்டுக்கு நேராகப் போனது. அவள் சிரித்தபடி மறுபடியும் பிடித்தாள். கொஞ்ச தூரம் போனதும், "ஒனக்க கைக்கு ஒண்ணும் இல்ல" என்றான் அவன். மன்னிப்பு என்று என் மகன் வாயிலிருந்து அவ்வளவுதான் வரும். அவளுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதாது, வீடு வந்து மகனுக்கு நான் தனியாக ஏச்சு கொடுத்தேன்.

கட்டினவனே உன் கைதான் கோணல் என்று சொல்லி, தனக்கே அது உண்மையோ என்று சந்தேகம் வந்த பிறகும், ஒருத்தி கோபப்படாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தாளே, அந்தப் பொறுமை இத்தனை வயதுக்கு எனக்கு வரவில்லை. இப்போது யாரையாவது குறை சொல்ல நாக்கு எழுந்தால், முதலில் நாம் அவர்கள் கையில் கொடுத்த வண்டி எப்படிப்பட்டது என்று யோசிக்கிறேன்.