ஐயப்பன்தாங்கல் கிளைக்கு வந்த பாராட்டுகள்

சூடேறிய மோட்டாரில் வார்னிஷ் கருகும் வாசனை... கீழே கடையில் வேலை நடக்க நடக்க, மரப்படி வழியாக என் மேசைவரை ஏறி வரும். அம்பத்தூரில் தாமோதரனின் மிக்ஸி, கிரைண்டர் சர்வீஸ் கடை. மாடியில் நானும் ஒரு பழைய கம்ப்யூட்டரும்.

எஸ்.இ.ஓ. என்றாலே ஃபிராடு என்று போன வாரம் இந்தக் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஃபேக்டரி மூடி வேலை போன பிறகு, ஐம்பது வயதில், யாரும் சொல்லித் தராமல் நானே கற்றுக்கொண்ட தொழில் அது. இன்டர்நெட்டில் தேடுகிறவர் கண்ணில் நம் கடை முதலில் படவேண்டும், அவ்வளவுதான். "முன்னணி நிறுவனம், ஈடிணையற்ற சேவை" என்று போடச் சொல்வார் தாமோதரன். மாட்டேன் என்பேன். மிக்ஸி நின்றுபோன வீட்டில் யார் ஈடிணையைத் தேடுகிறார்கள்?

"மிக்ஸி ஓடவில்லை", "ஜார் லீக் ஆகிறது", "கள்ளிக்குப்பம் மிக்ஸி ரிப்பேர்"... ஜனங்கள் டைப் செய்கிற சொல்தான் தலைப்பில் இருக்கவேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு விஷயம். கடைப் பெயரும் விலாசமும் போன் நம்பரும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி. எழுதியது உண்மையாக இருக்கவேண்டும்.

சில மாதங்களில் முதல் பக்கத்துக்கு வந்தோம்.

அப்புறம்தான் தாமோதரனுக்கு ஆசை பெருத்தது. ஐயப்பன்தாங்கலில் தேடினாலும் நாங்கள் முதலில் வரவேண்டும். அங்கே பஸ் டிப்போ தாண்டி அவர் அப்பா இருந்த வீடு பூட்டிக் கிடந்தது. அப்பா காலமாகிப் பல வருடம். அந்த விலாசத்தைக் கிளை என்று மேப்பில் போடச் சொன்னார்.

"கடையே இல்லாத எடத்துல எப்டி தாமு?"

"மேப்புல ஒரு புள்ளி அண்ணாத்தே. அத்த வெக்கறதுக்கு ஒனுக்கு இன்னா வலிக்குது?"

நான்கு நாள் முரண்டு பிடித்தேன். ஐந்தாம் நாள் போட்டேன். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒன்றை மட்டும்.

அப்போதெல்லாம் விலாசம் நிஜமா என்று பார்க்க, அந்த வீட்டுக்கே தபாலில் ஒரு ரகசிய எண் அனுப்புவார்கள். ஒரு வாரம் கழித்துக் கடை போன் அடித்தது. நிதானமான வயசாளிக் குரல்.

"லெட்டர் வந்துகீது. நம்பர எழ்திக்கோ."

ஐந்து எண்கள். இரண்டு தடவை திருப்பிச் சொன்னார். போட்டேன், சரியாக இருந்தது. யாரோ தாமோதரனின் சொந்தக்காரர் என்று நினைத்தேன். தாமோதரனோ, நானே போய்த் தபாலை எடுத்துவந்தேன் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு, அந்தக் கிளைக்குப் பாராட்டுகள் வர ஆரம்பித்தன. ஐந்து நட்சத்திரம். "பெரியவர் பொறுமையாகப் பார்த்தார்." "மொதல்ல தண்ணி குடி, அப்பால பேசு என்றார்." எழுதியவர்கள் வெவ்வேறு ஆட்கள்... எல்லோரும் அந்தத் தண்ணீரைச் சொன்னார்கள்.

தாமோதரன் மாடிக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"யோவ், அது எங்கப்பன் பேச்சு. யாரு வந்தாலும் அத்ததான் சொல்லுவாரு. ஒனுக்கு எவன்யா சொன்னான்? குந்திகினு நீயே எழ்தி நீயே ஸ்டார் போட்டுக்கறியா?"

"நான் எழ்தல."

"பின்ன பேயா எழ்திச்சி?"

மறுநாள் பஸ் ஏறினேன். நல்ல பதினோரு மணி வெயில். கேட்டில் துருவேறிய பூட்டு. அதன்மேல் சிலந்தி வலை அறுபடாமல் இருந்தது. வெளியே படியில் ஒரு பெண், மடியில் மிக்ஸியோடு உட்கார்ந்திருந்தாள். மிக்ஸியில் ஜார் இல்லை.

"இன்னாம்மா, யாருக்காகக் குந்திகினுகீற?"

"பெரியவரு ஜார வாங்கினு உள்ள போயிகீறாருண்ணா. பிளேடு மாத்தி எடுத்தாறேன்னாரு."

"பூட்டிக்கீதேம்மா."

அவள் திரும்பிப் பார்த்தாள். 

"இப்பதான் போனாரு... ஆமா, நீ யாருண்ணா?"

"இந்த விலாசத்த கம்ப்யூட்டர்ல போட்டவன்."

"அப்ப என் ஜாருக்கு நீதான் பதில் சொல்லணும். சட்னிக்கு வேற ஜாரு கெடையாது எனக்கு."

ஒரு மணிவரை அவளோடு உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. புது ஜார் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு அம்பத்தூர் திரும்பினேன்.

கடைக்குள் நுழையும்போதே தாமோதரன் தன் செல்போன் திரையைக் காட்டினார். சற்று முன்தான் வந்த பாராட்டு. "சட்னி ஜார் கிடைத்தது. பிளேடு புதுசு. லேட்டானதற்குப் பெரியவர் வருத்தப்பட்டார்."

"இதுவும் நீ எழ்தலியா?"

"நான் பஸ்ஸுல வந்துகினு இருந்தேன்யா!"

வேலையாட்கள் அத்தனை பேர் முன்னாலும் என்னைப் பொய்யன் என்றார். மாடிக்குப் போய் அந்தக் கிளையை 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று மாற்றிவிட்டுப் படியிறங்கினேன். அதன்பின் அந்த வாசலை மிதிக்கவில்லை. பொய்ப் பாராட்டு எழுதுகிற ஆள் என்று அவர் போகிற இடமெல்லாம் சொன்னார். அம்பத்தூர் எஸ்டேட்டில் எத்தனையோ கடைகளில் எனக்கு வேலை கிடைக்காமல் போனது.

இப்போது... பக்கத்தையும் பாராட்டையும் மெஷினே எழுதித் தள்ளுகிறது. யார் எழுதியது என்று எவரும் கேட்பதில்லை. அன்றைக்கு அதைக் கேட்டு ஒரு மனிதர் என்னோடு சண்டை போட்டார்.

போன மாதம் தாமோதரன் காலமானார். வீம்பை விட்டுவிட்டுச் சாவுக்குப் போனேன். அவர் மகன் என்னைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னான்.

"நீங்க எழ்தலன்னு அப்பாவுக்குத் தெரியும் மாமா. நீங்க போன மறுநாளு அந்த ஊட்டாண்ட போய்ட்டு வந்தாரு. இன்னா பாத்தாருன்னு கடசிவரிக்கும் சொல்லல. நீங்கதான் எழ்தினீங்கன்னு சொல்லிகினு இருந்தாதான் அவருக்குத் தூக்கம் வரும்."

இத்தனை வருடமும் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். கிடைத்துவிட்டது.

நீதான்யா எழ்தின என்று தாமோதரன் இன்னொரு தடவை வந்து திட்டமாட்டாரா என்று இருக்கிறது.