ஆளுக்கு முப்பத்தாறு குட்டை

இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தில் ஆவடியில் ராணுவ முகாம் எழும்பியபோது எனக்குக் கிடைத்த வேலை கொசு ஒழிப்பு. என் மாமனார் வீட்டில் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். முகாம் ஆஸ்பத்திரியில் யாரும் சிரிக்கவில்லை. அங்கே குளிர்காய்ச்சல்காரர்கள் கட்டில் போதாமல் வராந்தாவில் படுத்திருந்தார்கள்.

எனக்கு இருபத்தாறு வயது. சுகாதார மேற்பார்வையாளர் என்று பதவி, கீழே பதினோரு ஆட்கள். எல்லோரும் அம்பத்தூரிலிருந்து வேப்பம்பட்டு வரை சுற்றுவட்டாரத்துக் கிராமத்தார்கள். ஏரிக்கரைக்கு மண் சுமந்தவர்கள், சூளையில் கல் அறுத்தவர்கள். வேலை எளிமையானதுதான். காவடிக் கம்பின் இரு முனையிலும் எண்ணெய் டின்னைத் தொங்கவிட்டுக்கொண்டு போய், குட்டை, பள்ளம், பாழுங்கிணறு எல்லாவற்றிலும் எண்ணெய் ஊற்ற வேண்டும். தண்ணீர்மேல் எண்ணெய் படர்ந்தால் கூத்தாடிப் புழு மூச்சு முட்டிச் சாகும். வாரம் ஒரு முறை தவறாமல் ஊற்ற வேண்டும். ஒரு வாரம் விட்டால் புழு கொசுவாகிப் பறந்துவிடும்.

நான் வரைபடத்தை மேசைமேல் விரித்துப் பங்கு பிரித்தேன். நாளுக்கு ஆறு, வாரத்துக்கு ஆளுக்கு முப்பத்தாறு குட்டை. முடித்த இடத்துக்கு நேரே ஒரு கோடு போட வேண்டும். முதல் மாதம் எல்லாக் கட்டத்திலும் கோடு விழுந்திருந்தது. அந்தத் தாள்களை அடுக்கி வைத்துப் பார்ப்பதில் எனக்கு ஒரு பெருமை.

ஒருநாள் ராணுவ டாக்டர் வந்தார். வெள்ளைக்காரர், அதிகம் பேசமாட்டார். முந்தின நாள் கோடு போட்டிருந்த ஒரு குட்டைக்கு அழைத்துப் போகச் சொன்னார். கையோடு கொண்டுவந்த எனாமல் கரண்டியால் தண்ணீரை மொண்டு என் முகத்துக்கு நேரே நீட்டினார். கரண்டி முழுக்கக் கூத்தாடி நெளிந்தது. அடுத்த குட்டையிலும் அப்படியே. பொய்க் கோடு போட்டவர்களை நீக்கிவிடு, ஒரு மாதம் கழித்து வருவேன் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

ஆட்களைக் கூப்பிட்டுத் திட்டத்தான் நினைத்தேன். ஆனால் எனக்கே தெரியாத ஒன்றைப் பற்றி எப்படித் திட்டுவது? மறுநாள் காலை, வேப்பம்பட்டிலிருந்து வரும் ஆளோடு நானும் நடந்தேன். என் வயதுதான் அவருக்கு. ஏரிக்கு அப்பாலிருந்த பள்ளங்கள் அவர் பங்கு. இரண்டு குட்டைக்கு எண்ணெய் தீர்ந்தது. மறுபடி நிரப்ப முகாம் கிடங்குக்கே திரும்பி வர வேண்டும். ஒரு மணி நேர நடை. கிடங்கில் வரிசை வேறு. நாலாவது குட்டையை முடிக்கும்போதே பொழுது சாய்ந்துவிட்டது.

"இன்னும் ரெண்டு கீது. பொழுது எங்க கீது?" என்றார்.

"மொதல்லியே ஏன் சொல்லல?"

அதுவரை என்னை 'நீங்க' என்றவர், அப்போது அதை விட்டார். "சொன்னா? ஆறு செய்யாதவனுக்கு வேல எதுக்குன்னு கேட்டிருப்ப. நீ ஆறுன்னு எய்தி குட்த்த. நாங்க கோடு போட்டுக்கினு வந்தோம்."

எனக்குக் காது சுட்டது.

அடுத்த நாள் காலை பதினோரு பேரையும் கிடங்கு வாசலில் உட்கார வைத்தேன். பட்டியல் தப்பு, அது என் தப்பு என்று சொன்னேன். இனி முடியாத இடத்துக்குச் சுழி போடுங்கள், யாரையும் கேள்வி கேட்க மாட்டேன். பொய்க் கோடு போட்டால் மட்டும் வேலை போய்விடும் என்றேன். யாரும் நம்பவில்லை. அந்த வாரமும் பத்துத் தாளில் வெறும் கோடுகள்தான். வேப்பம்பட்டுக்காரர் மட்டும் ஒன்பது சுழி போட்டிருந்தார். மற்றவர்கள் அவருக்கு என்ன ஆகப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் முன்னாலும் அந்த ஒன்பதையும் படித்து, காரணம் கேட்டுக் குறித்துக்கொண்டேன். எண்ணெய் இல்லை ஐந்து. இடுப்பளவு சேறு இரண்டு. தோட்டக்காரர் விரட்டியது இரண்டு. அவ்வளவுதான். அவர் வழக்கம்போல் டின்னை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அதற்கடுத்த வாரம் எல்லாத் தாளிலும் சுழிகள் கொட்டிக் கிடந்தன. ஆனாலும் இந்தத் தாளை வைத்து வேலை செய்ய முடியும் என்று தோன்றியது.

எண்ணெய்ப் பீப்பாய்களை நாலு இடத்தில் வைத்தால் நடை குறையும். அதற்கு மாட்டுவண்டி வேண்டும். கிடங்கு அதிகாரி இரண்டு முறை இல்லை என்றார். மூன்றாம் முறை அவர் கதவருகிலேயே மத்தியானம் வரை நின்றேன். என்னைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், வாரத்தில் இரண்டு நாள் காலையில் வண்டியைத் தந்தார்.

பங்கையும் ஆட்களே மறுபடி பிரித்தார்கள். "கெண்டக் குஞ்சு கீற குட்டையில கூத்தாடி நிக்காது சார். அதுல எண்ணய ஊத்தி மீன ஏன் சாவடிக்கணும்?" என்று ஒருவர் கேட்டார். கரண்டியோடு போய்ப் பார்த்தேன். பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரி. இரண்டு குட்டையைத் தவிர மற்ற மீன் குட்டைகளைப் பட்டியலிலிருந்து அடித்தேன்.

மாத முடிவில் டாக்டர் வந்தார். தாள்களைப் புரட்டினார், முகம் சிவந்தது. போன மாதம் ஒரு சிலர்தான் ஏமாற்றினார்கள், இப்போது எல்லோர் தாளிலும் ஏன் இத்தனை பாக்கி என்றார்.

"அப்போதும் பாக்கிதான், ஐயா. இப்போதுதான் எழுதுகிறோம்," என்றேன். யாரையும் நீக்கவில்லை என்பதையும் அந்த மூச்சிலேயே சொல்லிவிட்டேன்.

அவர் கரண்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். கோடு போட்ட இரண்டு குட்டைகள் சுத்தமாக இருந்தன. சுழி போட்டதில் புழு இருந்தது. கோடு போட்ட மூன்றாவது குட்டையில் மூன்று கூத்தாடிகள் நெளிந்தன. தொலைந்தோம் என்று நினைத்தேன். வேப்பம்பட்டுக்காரர் முன்னால் வந்து, "செவ்வாக்கெயம ஊத்தினேன் தொர. புதங்கெயம மய வந்து அட்ச்சிக்கினு பூட்ச்சி," என்றார். நான் அதை ஆங்கிலத்தில் சொல்லி, மழை பெய்த நாளை என் குறிப்பில் காட்டினேன். டாக்டர் கரண்டித் தண்ணீரைக் குட்டையிலேயே கொட்டினார். பிறகு எத்தனை ஆள் வேண்டும் என்று கேட்டார். நாலு கேட்டேன், இரண்டு பேர் வந்தார்கள்.

ஐப்பசி மழையில் மாட்டுக் குளம்புத் தடத்தில்கூடத் தண்ணீர் நின்றது. பட்டியலை மூன்று முறை திருத்தினோம். மார்கழியில் ஆஸ்பத்திரி வராந்தா காலியானது. எங்களாலா, குளிர் வந்ததாலா, எனக்குத் தெரியாது.

அதற்கு நடுவே வேப்பம்பட்டுக்காரரே காய்ச்சலில் விழுந்தார். பத்து நாள் அவர் காவடியை நான் தூக்கினேன். தோள் தோலுரிந்தது. அவர் இளைத்துப்போய்த் திரும்பி வந்த அன்று, ஏரிக்கு அப்பால் ஒவ்வொரு குட்டையாகச் சுற்றிப் பார்த்தார். காவடியோடு நான் பின்னால் போனேன்.

"கோரப்புல்லு மொளச்ச பக்கம் ஊத்தவே இல்லியே சார். அங்கதான கூத்தாடி ஒளியும்," என்றார். கம்பை என் தோளிலிருந்து வாங்கிக்கொண்டு சரிவில் இறங்கினார்.